எஞ்சினுக்கு நான் செய்த பூஜை

கம்ப்யூட்டரைச் சொருகி எஞ்சினிடமே குறை கேட்டுக்கொள்ளும் தம்பிகளே, துணிந்து இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தங்கைகளே, உங்கள் சங்கத்து மலருக்கு அறிவுரையாக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். அறிவுரை என்னிடம் ஸ்டாக் இல்லை. நான் செய்த அசட்டுத்தனங்கள் வேண்டுமானால் நிறைய இருக்கின்றன. அவற்றில் நன்றாக விளைந்த ஒன்றை எடுத்துத் தருகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் நாக்கில்தான் இருக்கிறது, படிப்பதெல்லாம் மலையாளம் என்று எனக்குத் தெரியும். படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் எதையாவது விழுங்கினால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால், கடைத்தெருவில் தொடங்கிக் காயலில் போய் முட்டும் ஒரு சந்தில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருந்தது. முதலாளி பாப்பச்சன். நான் அங்கே தலைமை ஃபிட்டர். எனக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் பிராமண வீட்டுப் பிள்ளை லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான் என்ற விசித்திரத்தால் எல்லாருக்கும் நான் ‘சாமி’. எங்கள் குடும்பத்தில் கரி படிந்த வேஷ்டி சமையல்காரர்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. எனக்காக அந்த விதியைத் தளர்த்த அப்பாவுக்கு ஏழு வருஷம் பிடித்தது.

ஹம்ஸாக்கா என்று ஒரு லாரிக்காரர். லாரியும் அவருடையதே, டிரைவரும் அவரே. லாரியின் நெற்றியில் ‘சுஹரா’ என்று மகள் பெயரை எழுதியிருந்தார். பெண் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயங்களில் ஓடுகிறவள். லாரி அப்படி இல்லை. அறுபதுகளின் எஞ்சின், கிழடு தட்டிப்போனது. இரண்டு வருஷத்துக்கு முன் அரிசி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனபோது, அடிமாலிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் மூச்சை விட்டது. முழு லோடு. பிரேக் பிடித்தும் லாரி பின்னால் நழுவி, ஓரத்துக் கல்லில் பின் சக்கரம் இடித்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஏலூர் உரத் தொழிற்சாலைக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே சமதரையில் மூட்டை அடித்துக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்கள் சாயாக்கடையில் அவரைப் பார்த்ததும், வல்லார்பாடம் தீவுக்குக்கூட ஏற்றம் உண்டாமே இக்கா, பார்த்துப் போங்கள் என்பார்கள். தீவுக்குப் போக அப்போது படகுதான். அவரும் சிரிப்பார். ஆனால் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அரிசி ஏற்றிக்கொண்டு மேலே வர வேண்டும், தேயிலை ஏற்றிக்கொண்டு கீழே போக வேண்டும். குறிப்பிட்ட வியாழக்கிழமை லாரி முழு லோடோடு, வழியில் படுக்காமல், ஏறி வந்துவிட்டால் நிரந்தரமாகப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு லாரி தயாராக நின்றது. ஹம்ஸாக்கா நேராக எங்களிடம் வந்து, எஞ்சினைப் புதுசாக்கு, பலமாக்கு, எனக்கு மலை ஏற வேண்டும் என்றார்.

இன்றைக்கு நீங்கள் பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எஞ்சினை இறக்குவீர்கள். அன்று அது நடக்காது. பழைய பிளாக்கை வைத்துக்கொண்டு, புது மாடலின் ஹெட், பெரிய பிஸ்டன், பெரிய டீசல் பம்பு என்று தேடிப் பொறுக்கி ஒன்றாகச் சேர்ப்போம். கிழவருக்குப் புதுப் பல்லும் புது நெஞ்சும் வைத்துக் கல்யாணத்துக்கு அனுப்புகிற வேலை. எந்தெந்த உறுப்பு, என்ன அளவு என்பதெல்லாம் இங்கே வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததுதான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டை மட்டும் நாங்கள் கடையவில்லை. அதைத் தோப்பும்படியில் கம்மத்துச் சேட்டனிடம் கொடுத்தோம்.

கம்மத்துச் சேட்டன் கொங்கணிக்காரர். ஒல்லி, தடிமனான கண்ணாடி. அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைச் சின்ன மரப்பெட்டியில், கத்தரித்த வெல்வெட்டுத் துணி விரித்துப் படுக்கவைத்திருப்பார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அவர் கடைந்து அனுப்பிய கிராங்க்கை நாங்கள் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. அளந்தால் அவர் காதுக்குப் போய்விடும், போனால் ஆறு மாதம் நம் வேலையைத் தொடமாட்டார். அப்படி ஒரு மனிதர்.

எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நவராத்திரி வந்தது. இங்கேதான் என் பெயர் என்னைக் குழியில் தள்ளியது. எங்கள் முதலாளி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் நஸ்ராணிக் கிறிஸ்தவர். ஆனால் ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். வருகிற லாரிக்காரர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சி, நாமக்கல் ஆட்கள், அவர்கள் மனசு குளிர வேண்டும் என்பது அவர் கணக்கு. அஷ்டமி சாயங்காலம் ஸ்பேனரையெல்லாம் பூஜையில் வைத்துவிட்டால் தசமி காலைவரை ஒருவரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது. பூசாரி யார்? கழுத்தில் பூணூல் கிடக்கும் ஒரே ஃபிட்டர். எனக்கு அம்பாள் நாமங்களில் எட்டோ ஒன்பதோ தெரியும். அவற்றையே சுற்றிச் சுற்றிச் சொல்லி வருஷாவருஷம் நூற்றியெட்டை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அம்பாளும் பெரிய மனசோடு கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள்.

அந்த அஷ்டமியன்று ஹம்ஸாக்காவின் எஞ்சின் ஸ்டாண்டில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. கிராங்க் படுக்கவைத்தாயிற்று, பிஸ்டன்கள் உள்ளே போயாயிற்று, அடியில் மாட்டும் எண்ணெய்த் தொட்டியை, அதாவது சம்ப்பை, இன்னும் மாட்டவில்லை. ஆகவே எஞ்சினின் வயிறு ஆகாயத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. நான் சுத்தமான துணியைப் போட்டு மூடியிருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், என் பக்கத்தில் உள்ள ஒரே நியாயம் அதுதான். முதலாளி குத்துவிளக்கோடு வந்தார், துணியைப் பார்த்தார்.

“சாமியே, தேவி வந்து பாக்கறச்சே எஞ்சினுக்கு முண்டு போட்டு மூடினா எப்படி? எடுத்துக் களை.”

எடுத்துக் களைந்தேன். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். அர்ச்சனை தொடங்கியது. என் எட்டு நாமம் நாலு சுற்று வந்ததற்குள் தட்டில் பூ தீர்ந்துவிட்டது. பொள்ளாச்சி டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் கைகூப்பி நிற்கிறார்கள், நடுவில் நிறுத்தினால் மரியாதை என்னாவது? பக்கத்தில் நைவேத்தியப் பொரி ஒரு கூடை இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்ப் பொரியை அள்ளியது. மிச்ச நாமத்துக்கெல்லாம் பொரிதான். லேத்துக்கு ஒரு கை, வெல்டிங் செட்டுக்கு ஒரு கை, ஹம்ஸாக்காவின் திறந்த எஞ்சினுக்கு, மலை ஏறப்போகிறதே என்ற பிரியத்தில், இரண்டு கை நிறைய.

தசமி காலையில் வந்து பார்த்ததும் எனக்கே பகீர் என்றது. கைக்கு எட்டியதையெல்லாம் பொறுக்கினேன். எட்டாததைக் கம்ப்ரஸரை எடுத்துக் காற்றடித்து ஊதினேன். பொரி பறந்தது, எஞ்சின் பளிச்சென்று ஆயிற்று, எனக்கும் திருப்தி ஆயிற்று. பறந்தது எங்கே போனது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில், வால்வுகளைத் தூக்கும் டாப்பெட்டுகள் நிற்கும் ஓர் அறை உண்டல்லவா, அதற்கு வயிற்றிலிருந்து வழி இருக்கிறது. என் காற்று மிச்சப் பொரியை அங்கே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. மூடிப் பூட்டி, எஞ்சினை நிமிர்த்தி, லாரியில் ஏற்றி, அந்தப் பொரியை நான் மறந்தே போனேன்.

எஞ்சின் எழுந்தபோது சந்தே திரும்பிப் பார்த்தது. பழைய இருமல் இல்லை, புகை இல்லை. ஹம்ஸாக்கா ஏலூருக்கு அரை லோடு அடித்துப் பத்து நாள் அதைப் பழக்கினார். மலைக்குப் போவதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், ஆயில் மாற்றவும் டாப்பெட் சரிபார்க்கவும் கொண்டுவந்து நிறுத்தினார். போகிற போக்கில், நேற்றுப் பாலத்து ஏற்றத்தில் ஆயில் பிரஷர் ஊசி ஒருமுறை இறங்கியது போலிருந்தது சாமி, என் கண்தான் சரியில்லையோ என்னவோ என்றார். கண்தான் என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

பழைய ஆயிலை வடித்தபோது சட்டியில் கறுப்பாக ஒன்றிரண்டு மிதந்தன. ஒர்க்‌ஷாப் சட்டியில் எப்போதும் ஏதாவது மிதக்கும், பீடித்துண்டு முதல் பல்லிவரை பார்த்திருக்கிறேன். கொட்டிவிட்டு, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். ஊசி ஜம்மென்று மேலே ஏறி நின்றது. கால்மணி கழித்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி மெல்ல மெல்லக் கீழே வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் பூஜ்யம். பாய்ந்துபோய் அணைத்தேன். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடுகிற எஞ்சின் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமதரையில் ஆனால் செலவோடு போகும். அந்தக் கொண்டை ஊசி வளைவில் ஆனால்?

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஊசி சமர்த்தாக மேலே போய் நின்றது. பிறகு மறுபடி இறங்கியது. வேறு கேஜ் மாட்டினேன், அதுவும் அதையே சொன்னது. அதற்குள் சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அரிசி மூட்டைகள் கிடங்கு வாசலில் அடுக்கியாயிற்று. சுமைக்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு லாரி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயாக்கடை நகைச்சுவைக்காரர்களும் வந்து நின்றார்கள்.  ஹம்ஸாக்கா தன் தொப்பியைக் கழற்றி மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் கூட்டம் உங்கள் வாயைப் பார்க்கும். உங்கள் வாயும் உடனே எதையாவது சொல்லிவிடத் துடிக்கும். தெரியவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, கிராங்க் அளவு தப்பு, கம்மத்து கூடுதலாகக் கடைந்துவிட்டார், சூடானதும் ஆயில் இளகிப் பேரிங் இடைவெளியில் ஓடிவிடுகிறது, அதுதான் ஊசி இறங்குகிறது என்று தீர்ப்புச் சொன்னேன். கேட்க ரொம்ப அழகாக இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நல்ல பேச்சுக்கு மட்டாஞ்சேரியில் கால் உண்டு. அரைமணிக்குள் தோப்பும்படியிலிருந்து கம்மத்துச் சேட்டன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் அந்த மரப்பெட்டி. நேராக எஞ்சின் பக்கத்தில் போய் நின்றார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார், ஊசி இறங்கும்வரை பார்த்தார், அணைக்கச் சொன்னார், உடனே திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஊசி முழுசாக ஏறியதும் பிளாக்கின்மேல் கை வைத்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“சாமி, சூட்டினால இறங்கினா ஆறின பிறகுதான் ஏறணும். இது கை வைக்க முடியாத சூடு. நீ அணைச்சுப் பாதி சாயா குடிக்கற நேரம்கூட ஆகலை. ஊசி மட்டும் எப்படித் திரும்பி வந்தது?”

தம்பிகளே, தங்கைகளே, இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஏதோ வந்து அடைக்கிறது, நின்றால் விலகுகிறது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இருபது பேர் நடுவில் சொன்ன தீர்ப்பை எப்படி விழுங்குவது? உங்கள் சாணைக்கல்லு தேய்ந்திருக்கும் சேட்டா, நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள் என்று சொன்னேன். அவர் முகம் எப்படிச் சுருங்கியது என்பதை இன்றைக்கும் எழுத வெட்கமாக இருக்கிறது.  பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகவில்லை.

முதலாளி என்னைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். கிராங்க்கை இறக்கினால் வியாழக்கிழமை போச்சு, ஹம்ஸா போச்சு, நம் பெயர் போச்சு என்று விரல் மடக்கினார். கட்டியான ஆயில் ஊற்று, ஊசி கொஞ்சம் மேலேயே நிற்கும், மலை ஏறி இறங்கி வரட்டும், அப்புறம் பிரித்துப் பார்க்கலாம் என்றார். அவர் கெட்டவர் அல்ல. பயந்த மனிதர், அவ்வளவுதான். நானும் பயந்துதான் இருந்தேன். கிராங்க் தப்பு என்று சொல்லிவிட்டதால், சம்ப்பைக் கழற்றி வேறு ஏதாவது இருந்துவிட்டால் என் மூக்குதான் உடையும். கட்டி ஆயில் என் மானத்தையும் சேர்த்தே காப்பாற்றும். சரி என்று சொல்லி, டின்னைக்கூட எடுத்துவிட்டேன்.

ஹம்ஸாக்கா நாங்கள் பேசியதைக் கேட்டாரா என்று தெரியாது. டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்து லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: எஞ்சினைப் பூட்டி மூடிய ஃபிட்டர், முதல் மலை ஏற்றத்தில் கேபினில் கூடவே உட்கார்ந்து வர வேண்டும். சிலர் கேட்பார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை.

“சாமி, நாளைக்கு நீ என்கூட இதுல ஏறி வருவியா?”

அவர் குரலில் கோபமோ சவாலோ இல்லை. நெசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு அந்த வளைவு கண்ணில் வந்தது, ஓரத்துக் கல் வந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லாததும் வந்தது. டின்னைக் கீழே வைத்தேன். நேர்மையால் அல்ல, எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். வரமாட்டேன் இக்கா, சம்ப்பைக் கழற்றிப் பார்த்த பிறகு வருகிறேன் என்றேன். தன் உயிரையும் அதே லாரியில் ஏற்றிப் பார்த்தால்தான் சில மெக்கானிக்குகளுக்கு மூளை வேலை செய்யும். நான் அந்த ரகம்.

ஆயிலை வடித்தேன். சம்ப்பு போல்ட்டுகளைச் சுற்றி வந்து எடுத்தேன். முன் ஆக்ஸில் குறுக்கே நின்றதால் இரண்டு பேர் ஜாக்கி போட்டுத் தூக்க, சம்ப்பு சாய்ந்து கீழே இறங்கியது. மேலே எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் வட்டமாக ஒரு சல்லடை இருக்கும். நான் மல்லாந்தபடி விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

சல்லடையிலும் சம்ப்பின் அடியிலும் பொரி. எண்ணெய் குடித்துக் கறுத்து ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, என் எட்டு நாமங்களின் பலன் அத்தனையும் அங்கே கூடியிருந்தது. பத்து நாளாக டாப்பெட் அறையிலிருந்து ஒவ்வொன்றாக வழிந்து இறங்கியிருக்கிறது. எஞ்சின் ஓடினால் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும், நின்றால் உதிர்ந்துவிடும்.

எனக்குள் ஒருவன், வாரித் துடைத்துக்கொண்டு ‘அழுக்கு’ என்று சொல்லிவிடு என்றான். அதற்கு வாய்ப்பும் இருந்தது, லாரிக்கு அடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனால் டிரம்மின்மேல் அந்த மனிதரின் கால்கள் தெரிந்தன. கான்வாஸ் செருப்பு, சைக்கிள் செயினில் மாட்டாமலிருக்கச் சுருட்டிக் கட்டிய கால்சட்டை. என் பேச்சைக் கேட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்த கால்கள். ஒரு பிடி பொரியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அவர் முன்னால் கையை விரித்தேன்.

கம்மத்துச் சேட்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு மணியை எடுத்து நசுக்கினார், முகர்ந்தார். கூட்டத்தில் யாருக்கும் அது என்னவென்று சொல்லவேண்டியிருக்கவில்லை. பாதிப் பேர் அன்று கைகூப்பி நின்றவர்கள். முதலாளி சிலுவை போட்டுக்கொண்டார். பொள்ளாச்சி டிரைவர் ஒருவர் பயபக்தியோடு, பிரசாதங்க என்றார்.

“இது என் கிராங்க்ல வளர்ற சாதனம் இல்லை” என்றார் கம்மத்துச் சேட்டன். அவ்வளவுதான் சொன்னார்.

சந்து முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: அவர், நான், ஹம்ஸாக்கா. எனக்கு வேறொன்று தெரிந்திருந்தது. இருபது பேர் முன்னால் போட்ட பழியைக் காதோடு காதாக எடுக்க முடியாது. அதே சத்தத்தில் சொன்னேன். கிராங்க் சரி, அளவு சரி, கல் தேயவில்லை, தேய்ந்தது என் புத்தி, சேட்டன் காரணத்தைச் சொன்ன பிறகும் தெரிந்தே அவரைக் குறை சொன்னேன், மன்னிக்க வேண்டும். கடைசி வார்த்தை வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். அந்த ஒற்றை மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

பிறகு டாப்பெட் மூடியையும் கழற்றி, டீசல் விட்டு அலசி, மிச்சப் பொரியையும் ஒரு வாடிய செவ்வந்தியையும் எடுத்தோம். எல்லாம் வந்துவிட்டதா? பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை அலசினேன், மூன்றாம் தடவை ஒன்றும் வரவில்லை. சத்தியம் செய்ய முடியாது. பொழுது சாய்வதற்குள் மூடி, அரைமணி ஓட்டிப் பார்த்தோம், ஊசி அசையவில்லை. மூட்டைகள் ஏறின. வியாழக்கிழமை விடியும்போது நானும் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். மனைவியிடம், மலைக்கு முன்னாலேயே சமதரையில் இருக்கும் மூவாற்றுப்புழைவரைதான் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. சுஹரா ஏறினாள். நான் ரோட்டையே பார்க்கவில்லை, கேஜைத்தான் பார்த்தேன். அருவியெல்லாம் அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்ததாம், ஹம்ஸாக்கா பிறகு சொன்னார். அந்த வளைவு வந்தது. அவர் கியரை இறக்கினார், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். லாரி பின்பக்கமாகச் சாய்ந்து முக்கியது. ஓரத்தில் அந்தக் கல், ஒரு மூலை உடைந்தபடி அப்படியே நின்றது. அப்போதுதான் ஊசி இறங்கியது.

அவரும் பார்த்துவிட்டார். கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து அரை அங்குலம் எழுந்தது.

“சாமி?”

நிறுத்தினால் முழு லோடோடு அதே வளைவில், அதே சரிவில் நிற்க வேண்டும். நிறுத்தாமல் இருந்து, உள்ளே இன்னும் பொரி இருந்தால், எஞ்சின் இறுகி அங்கேயே நிற்கும். என் வாய்க்குள் மந்திரம் ஒன்றும் வரவில்லை, எட்டு நாமமும் கைவிட்டன. வந்தது கம்மத்துச் சேட்டனின் கேள்விதான்: எப்போது திரும்பி வருகிறது? பொரியென்றால் மெல்ல இறங்கும், எஞ்சினை அணைத்தால்தான் ஏறும். இது சட்டென்று இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, துள்ளிப் பாதி ஏறியது. லாரி சாய்ந்ததில் சம்ப்பில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, வேறொன்றும் இல்லை.

“போங்க இக்கா. நிறுத்தாதீங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நேற்று ‘வரமாட்டேன்’ என்று சொன்னவன் சொல்கிறான் என்பதால்தான் நம்பினேன் என்று பிற்பாடு சொன்னார். காலை அழுத்தினார். வளைவு முடிந்து லாரி நேரானதும் ஊசி தன் பழைய இடத்தில் போய் நின்றது. அடுத்த ஏற்றம் முழுக்க அவர் உரக்கப் பாடிக்கொண்டே ஓட்டினார், மிக மோசமான குரல். பத்து மணிக்குக் கிடங்கு முற்றத்தில் போய் நின்றோம். ஏஜென்ட் பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பெயரை எழுதிக்கொண்டார். அதன்பின் பத்து வருஷத்துக்குமேல் அந்த லாரி அந்த மலையில் ஓடியது. சாயாக்கடையில் ஹம்ஸாக்கா சாயாவை முழுசாகக் குடிப்பதையும் பார்த்தேன்.

கம்மத்துச் சேட்டன் விஷயம் அத்தனை சீக்கிரம் தீரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு கிராங்க்கைத் தூக்கிக்கொண்டு, வாங்குவாரோ மாட்டாரோ என்று போய் நின்றேன். வாங்கினார். அளக்க மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில், என்னை நோக்கி இருந்த ஓரத்தில், வெல்வெட்டில் சின்னக் குழி வெட்டி அந்தக் கறுத்த பொரியைப் படுக்கவைத்திருந்தார். அளந்தும் பார்த்தாராம், நீளவாட்டில் ஏழு மில்லிமீட்டர். தூக்கி எறியுங்கள் சேட்டா என்று கெஞ்சினேன். வேலை கொண்டுவருகிற எல்லோருக்கும் இது தெரிய வேண்டாமா என்று கேட்டார்.

பல வருஷம், ஒவ்வொரு கிராங்க்குக்கும், அந்தப் பெட்டி என் முகத்துக்கு எதிரே திறந்தது. அவர் வேலையில் குறை இருக்குமோ என்று எனக்கு இரண்டு தடவை சந்தேகம் வந்தது. இரண்டு தடவையும் வாயைத் திறக்காமல் முதலில் எல்லாவற்றையும் கழற்றி என் பக்கத்தைத் துருவிப் பார்த்தேன். முதல் தடவை தப்பு என்னுடையதுதான், ஒரு வாஷரை மாட்ட மறந்திருந்தேன். இரண்டாம் தடவை என் பக்கம் சுத்தம். மூன்று தடவை அளந்தேன், கிராங்க் அளவு தப்புதான்.

அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன்.  அவர் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். நான் பெட்டியை என் பக்கமாக இழுத்து, அவர் வாழ்நாளில் வேறு யாரையும் தொட அனுமதிக்காத அந்த வெல்வெட்டிலிருந்து பொரியை எடுத்து, அவரை நோக்கி இருந்த ஓரத்தில் வைத்தேன்.  கம்மத்துச் சேட்டன் கத்தரியை எடுத்து, அந்தப் பக்கத்திலும் ஒரு குழி வெட்டினார்.